பெயரை நீக்கிய கோப்பு

எங்கள் பக்கத்து ஊர்களில் பெயரைச் சொல்லி வீடு கேட்டால் யாருக்கும் தெரியாது. மக்கள்தொகை ஆய்வு வேலைக்குச் சேர்ந்து, கையில் ஒரு டேப்லெட்டோடு திருச்செங்கோட்டுக்கும் பரமத்தி வேலூருக்கும் நடுவே உள்ள ஊர்களில் ஏறி இறங்க ஆரம்பித்த முதல் வாரமே இது எனக்குப் புரிந்துவிட்டது. பட்டியலில் இருக்கும் பெயரைப் படித்துக் காட்டினால் பெட்டிக்கடைக்காரர் மோட்டுவளையைப் பார்ப்பார். "ஆருங்க அது? அப்படி ஆரும் இங்க இல்லீங்களே" என்பார். அதே ஆளிடம் "ரிக் வண்டிக்காரங்க ஊடு", "கோழிப்பண்ணை ஊடு", "மேக்காலத் தோட்டம்" என்று கேட்டால் போதும், கடையில் நிற்கிற அத்தனை பேரும் கை நீட்டுவார்கள். பெண்கள் கணவன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். அந்தக் கட்டம் வந்தால் ரேஷன் கார்டை எடுத்து நீட்டுவார்கள். பெயர் என்பது அங்கே அரசாங்கத்துக்காக வைத்துக்கொண்டிருக்கிற ஒன்று.

நான் ஜலகண்டாபுரத்துக்காரி. தறிச் சத்தத்தில் வளர்ந்ததால் சத்தமாகத்தான் பேசுவேன், கோபமும் மூக்கின் மேல் நிற்கும். சேலத்தில் புள்ளியியல் படித்துவிட்டுச் சும்மா இருந்தபோது இந்த வேலை வந்தது. சென்னையில் இருந்த ஓர் ஆய்வு நிறுவனம் எடுத்த பெரிய கணக்கெடுப்பு அது. அதற்குத் தலைமை ஒரு மேடம். பயிற்சியின் முதல் நாள் நாமக்கல்லில் ஒரு மண்டபத்தில் அவர் பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஒரு பொண்ணு உங்ககிட்ட சொல்றதை அவங்க அம்மாகிட்ட கூடச் சொல்லியிருக்க மாட்டாங்க. அதைப் பத்திரமா வெச்சுக்கறதுதான் நம்ம வேலை. மத்ததெல்லாம் வெறும் கணக்கு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. மேடம் தன் டிபன் பாக்ஸை எங்களோடு பகிர்ந்துகொள்வார். கேள்வித்தாளை மென்பொருளாக மாற்றுவது எப்படி என்று பக்கத்தில் உட்கார்ந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வந்தால் எங்கே தாவ வேண்டும், முப்பது வயது அம்மாவுக்கு இருபது வயதில் மகன் இருப்பதாகப் போட்டால் எப்படிச் சிவப்பாகக் கத்த வேண்டும் என்பதெல்லாம் நான் எழுதிய நிரல்தான். அது கத்தும்போது அந்த அம்மாக்கள் பதறவே மாட்டார்கள். "வயசு என்னத்தைங்க, அந்தப் பொட்டிக்கு எது புடிக்குதோ அதையே போட்டுக்க சாமி" என்பார்கள்.

கடைசியில் ஒவ்வொரு பெண்ணும் கோப்பில் ஒரு வரிசை ஆவாள். வயது, படிப்பு, பெற்ற பிள்ளைகள், இழந்த பிள்ளைகள், கணவன் தொழில், எல்லாம் எண்கள். போர்வெல் ரிக் வேலைக்கு ஓர் எண், தறி வேலைக்கு ஓர் எண். 'தெரியாது' என்ற பதிலுக்கும் ஓர் எண் உண்டு.

அந்த அக்கா வீட்டுக்கு நான் போனது வெயில் காலத்தில். பட்டியலில் இருந்த பெயர் வழக்கம்போல் யாருக்கும் தெரியவில்லை. பிறகு கடைக்காரர்தான் கண்டுபிடித்தார். "ஓ, ரெட்டப்புள்ளைக்காரங்க ஊடுங்களா? நேராப் போயி, தண்ணித் தொட்டிகிட்டத் திரும்புங்க" என்றார். வாசலில் ஒரே அச்சில் இரண்டு பெண் குழந்தைகள் ஒரு சைக்கிளுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் கணவர் போர்வெல் ரிக் வண்டியில் வடக்கே போனவர், மழைக்காலத்துக்குத்தான் திரும்புவார். வீட்டில் மாமியார் இருந்தார்.

மாமியார் பக்கத்தில் இருந்தால் மருமகளிடமிருந்து ஒரு பதிலும் உண்மையாக வராது. எல்லாக் கேள்விக்கும் மாமியாரே பதில் சொல்லிவிடுவார். அதற்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. கேள்வித்தாளில் ஆடுமாடு பற்றி ஒரு பகுதி வரும். அதை மட்டும் என்னோடு கணக்கெடுக்க வரும் கூட்டாளி எடுத்துக்கொண்டு, "ஏனுங்க ஆத்தா, எருமை எத்தனை, கன்னு எத்தனைன்னு கொஞ்சம் காட்டுங்க" என்று மாமியாரைக் கட்டுத்தரைக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவாள். எருமையைப் பற்றிப் பேச யாராவது கிடைத்தால் போதும், அரைமணி நேரத்துக்கு அவர் திரும்பமாட்டார். அந்த அரைமணியில்தான் நான் கேட்க வேண்டியதைக் கேட்பேன்.

"ரெண்டு பொண்ணுங்களும் உங்ககூடத்தான் இருக்காங்களாங்க அக்கா?" என்று கேட்டேன். அது கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி.

அக்கா சிரித்துவிட்டார். "பின்ன எங்க இருப்பாங்க? அந்தா சைக்கிளுக்குச் சண்டை போட்டுட்டு இருக்கறது உனக்குத் தெரியலையா?"

'ஆம்' என்று தொட்டேன். அடுத்தது, பிள்ளை உண்டாகாமல் இருக்க ஏதாவது முறை வைத்திருக்கிறீர்களா என்ற கேள்வி. சிரிப்பு நின்றது. கட்டுத்தரைப் பக்கம் ஒருமுறை எட்டிப்பார்த்துக்கொண்டார்.

"இது எங்க போகும்?"

"பேரில்லாமப் போகுமுங்க. வெறும் எண்ணாத்தான் இருக்கும்."

"ஆருக்கும் தெரியாதுங்களே?"

"தெரியாதுங்க அக்கா."

"கையில அடிச்சுச் சொல்லு சாமி."

உள்ளங்கையை நீட்டினார். மஞ்சள் அரைத்த கை. அதில் அடித்துச் சத்தியம் செய்தேன். எனக்கு ஒரு தயக்கமும் இருக்கவில்லை, மேடத்தின் பேச்சு முழுதும் என் பின்னால் நின்றது.

"காப்பர்-டி வெச்சிருக்கறேன்" என்றார், குரலைத் தாழ்த்தி. "புள்ளைங்களுக்கு ஊசி போடோணும்னு சொல்லீட்டு நாமக்கல் போயி வெச்சுக்கிட்டு வந்துட்டேன். ரெட்டையப் பெத்தப்பவே உசுரு போயிட்டு வந்துச்சு. டாக்டரம்மா இனி வேண்டாம்னுட்டாங்க. இங்க ஆரு கேக்கறா? பையன் வேணும், பையன் வேணும்னு கோயில் கோயிலா என்னைய இழுத்துட்டுத் திரியறாங்க. அவிங்க கூப்புட்ட கோயிலுக்கெல்லாம் நானும் போயிட்டு வாரேன்."

"உங்க ஊட்டுக்காரருக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாது."

'தெரியாது' என்பதைத் தொட்டேன். மென்பொருள் சத்தமில்லாமல் அடுத்த கேள்விக்குப் போனது. மாமியார் எருமைக் கதையை முடித்துக்கொண்டு வந்தபோது நாங்கள் கழிப்பறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

கணக்கெடுப்பு முடிந்து, கோப்பைச் சுத்தம் செய்கிற வேலைக்கும் என்னையே வைத்துக்கொண்டார் மேடம். அப்போதுதான் அவரிடம் இதைச் சொன்னேன். எங்கள் பக்கம் பெயரை நீக்கினால் எதையும் நீக்கியதாக ஆகாது. ஊரும், தொழிலும், பிள்ளைகளும் தெரிந்தால் ஆளே தெரிந்த மாதிரி. ஆகவே ஊர் எண்களைக் கலைத்துவிட வேண்டும், ஓர் ஊரின் வரிசைகள் வேறோர் ஊரின் பெயரில் வரட்டும் என்றேன். மேடம் என் தோளில் தட்டினார். "இதெல்லாம் உன்னை மாதிரி உள்ளூர்ப் பொண்ணு இருந்தாத்தான் தெரியும்" என்றார். சில நாள் கழித்து, கலைத்தாகிவிட்டதா என்று குறுஞ்செய்தி அனுப்பிக் கேட்டேன். 'செஞ்சாச்சும்மா' என்று பதில் வந்தது, பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகத்தோடு. பெயர்களும் தொலைபேசி எண்களும் இருந்த கோப்பை அன்றைக்கே என் கையாலேயே அழித்தேன்.

பிறகு மேடத்தின் குழு ஒரு மென்பொருளை வெளியிட்டது. ஆய்வுக் கோப்புகளைப் போட்டால் அட்டவணை போடும், வரைபடம் வரையும், வேண்டிய வரிசைகளை மட்டும் சலித்துக் கொடுக்கும். பழகிப் பார்க்க ஒரு மாதிரிக் கோப்பும் கூடவே வரும். அது எங்கள் கணக்கெடுப்பின் கோப்பு. எண்களுக்குரிய தமிழ்ச் சொற்களைப் போட்டவள் நான். 'ஊர் கலைக்கப்பட்டது' என்று கையேட்டில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன். என்னால் வந்த வரி அல்லவா!

நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் அதற்குப் பயிலரங்கு வைத்தார்கள். மேடம் வருவதாக இருந்து, கடைசியில் என்னைப் போகச் சொன்னார். சின்னாளப்பட்டிச் சேலை கட்டிக்கொண்டு போனேன். கல்லூரி ஆசிரியர்கள், சுகாதாரத் துறைக்காரர்கள் என்று அறை நிறைந்திருந்தது. காலையில் எல்லாம் நன்றாகத்தான் போனது. டீ குடித்துவிட்டு வந்து வரிசைகளைச் சலிப்பது எப்படி என்று காட்டிக்கொண்டிருந்தேன். நடுவரிசையில் இருந்த ஓர் இளம் விரிவுரையாளர் கையைத் தூக்கினார்.

"ஏனுங்க, இதுல எங்கூரு இருக்குதுங்க."

"பேருதாங்க உங்கூருது. உள்ள இருக்கறது வேற ஏதாவது ஊரு. கலைச்சு வெச்சிருக்கோம்."

"அப்ப எங்கூர்ல ரெட்டப்புள்ளைங்க இருக்கற ஊடு ஒண்ணே ஒண்ணு. தேடுனா வராதுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அங்கேயே ஏதாவது தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. நான் ஏறாத ஊரா, அதில் இரட்டைப் பிள்ளைகள் இல்லாத ஊரா! மேலும் மேடம் 'செஞ்சாச்சு' என்று சொன்னதை நான் வேதவாக்காக வைத்திருந்தேன். "தேடித்தான் பாருங்களேன்" என்றேன். கலைத்ததன் அருமையை எல்லோருக்கும் காட்ட இதைவிட நல்ல வாய்ப்பு வருமா என்றுகூட நினைத்தேன். எதற்கு எங்கே தட்டுவது என்று அவர் பக்கத்தில் நின்று நானே சொல்லிக்கொடுக்க, அவர் தனக்குத் தெரிந்த விவரங்களை ஒவ்வொன்றாகத் தன் கணினியில் போட்டார். ஊரைத் தேர்ந்தெடுங்கள். கணவன் தொழிலில் ரிக். கணவன் இப்போது வெளியூரில். பிறப்பு வகையில் இரட்டை. ஒவ்வொரு தட்டலுக்கும் கீழே இருந்த எண் சிறுத்துக்கொண்டே வந்து, ஒன்றில் நின்றது.

குனிந்து அந்த ஒற்றை வரிசையைப் படித்தேன். முதல் பிரசவம் இரட்டை, இரண்டும் பெண், பிள்ளைகளின் வயது, வீட்டில் எருமை. அந்த வரிசையை எனக்குத் தெரியும். நான் கேட்டு, நான் தொட்டது.

"பொருந்துதேங்க" என்றார் அவர், இன்னும் சிரித்துக்கொண்டே. அவர் விரல் வரிசையைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டு போனது.

"போதுமுங்க, அடுத்ததுக்குப் போலாம்" என்றேன்.

அவர் படித்துக்கொண்டிருந்தார். மென்பொருள் எண்களைத் தமிழாக்கி, நான் போட்ட சொற்களிலேயே அவருக்குக் காட்டியது. தற்போதைய முறை: காப்பர்-டி. கணவருக்குத் தெரியுமா: தெரியாது.

"இது எங்கண்ணிங்க" என்றார்.

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துப் பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் கணினியை மூடினார், ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார், எழுந்து போனார். நான் பின்னாலேயே ஓடி, "சார், அது தற்செயலா இருக்கும், யாரோ வேற ஒருத்தர்" என்று உளறினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினார்.

வராந்தாவில் நின்றபடியே மேடத்துக்குப் போன் செய்தேன்.

"மேடம், ஊர் எண்ணைக் கலைச்சீங்களா, இல்லையா?"

"கலைச்சுப் பாத்தோம்மா. வரைபடம் அசிங்கமா வந்துது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல இருக்கற ஊர்ல எல்லாம் பிரசவம் வீட்டுல நடக்கிற மாதிரி காட்டுச்சு. பாக்கறவங்க சிரிப்பாங்க. அதனால பழையபடியே விட்டுட்டோம்."

"செஞ்சாச்சுன்னு சொன்னீங்களே?"

"பேரை எடுத்தாச்சில்ல? அத்தனை வரிசையில யாரும்மா போய்த் தேடப்போறாங்க?"

நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன், கோபத்தில் வந்த அழுகை. மேடம் கேட்டு முடித்துவிட்டு, நிதானமாக, பயிற்சியில் பேசிய அதே இதமான குரலில் சொன்னார்:

"சரி, நீ எதுக்கு அப்படித் தேடச் சொல்லிக்கொடுத்தே?"

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். அதுவரை நான் அதை வெறும் பேச்சு வழக்கு என்றுதான் நினைத்திருந்தேன். அறுத்த கத்தியையும் என் கையிலேயே கொடுத்து, உன் கத்திதானே என்றும் கேட்டார் பாருங்கள், அதை இந்த ஜென்மத்தில் என்னால் மன்னிக்க முடியாது. வாயாடி என்று பெயரெடுத்த நான், பாதியிலேயே போனை அணைத்துவிட்டேன்.

அக்காவை எச்சரிக்க என்னிடம் எண் இல்லை. சத்தியத்தைக் காப்பாற்றுவதற்காக நானே அழித்துவிட்டேன். பஸ் பிடித்து, இறங்கி, இன்னொரு டவுன் பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். வாசலில் ஏற்கெனவே அந்த விரிவுரையாளரின் வண்டி நின்றது. உள்ளே போன் ஸ்பீக்கரில் அக்காவின் கணவர் வடக்கே இருந்து கத்திக்கொண்டிருந்தார். அக்காவின் குரல் கேட்கவே இல்லை. இரட்டையர் இருவரும் சுவரோரம் ஒட்டிக்கொண்டு நின்றார்கள், சைக்கிள் கீழே கிடந்தது.

மாமியார் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"எருமை கணக்கு எடுக்க வந்தவதான நீயி? என்னையக் கட்டுத்தரைக்கு ஓட்டி உட்டுட்டு உள்ள என்ன பேசுனீங்கன்னு இப்பத்தான தெரியுது. போ. இந்த வாசப்படியில கால வெக்காத."

"ஆத்தா, அவங்க உசுருக்கு ஆபத்துன்னு டாக்டரே..."

"போடீன்னா!"

நான் போய்விட்டேன். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று எத்தனையோ பேர் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டார்கள். வேலையை அந்த வாரமே விட்டேன். நிறுவனத்துக்குப் புகார் எழுதினேன். பாம்பும் சாகாமல் கோலும் உடையாமல் ஒரு பதில் அனுப்பினார்கள். மாதிரிக் கோப்பை மட்டும் சத்தமில்லாமல் மாற்றினார்கள். பழையது எத்தனை கணினிகளில் ஏற்கெனவே இறங்கியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மேடம் இப்போதும் மேடைகளில் பேசுகிறார். அந்தத் தாய்மாரின் நம்பிக்கை பற்றி உருக்கமாகவே பேசுகிறார் என்று கேள்விப்பட்டேன்.

அக்கா அம்மா வீட்டுக்குப் போய்விட்டதாகப் பெட்டிக்கடைக்காரர்தான் சொன்னார். பரமத்தி வேலூரில் தெருவையும் சொன்னார். போவதா வேண்டாமா என்று பல நாள் தள்ளிப்போட்டுவிட்டு ஒரு நாள் போனேன். தெரு முனையில் வெற்றிலை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்களிடம், என்னவோ ஒரு பிடிவாதத்தில், பெயரைச் சொல்லிக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல், "ரெட்டப்புள்ளைக்காரங்க" என்றேன்.

"ரெட்டையா? அப்படி ஆரும் இல்லீங்களே" என்றார் ஒருவர். இன்னொருவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "ஓ, புருசன் ஊட்டுல இருந்து வந்துட்ட புள்ளையக் கேக்கறாங்க. அந்த நீல கேட்டுங்க."

அக்கா வாசலில் உட்கார்ந்து வெற்றிலையை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெண் குழந்தை மட்டும் கட்டுக்கு வாழைநார் கிழித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வா சாமி" என்று சொல்லி, உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

தண்ணீரைக் குடித்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். மேடம் என்ன சொன்னார், என்ன செய்தார், எப்படி என்னை ஏமாற்றினார், நான் எப்படிச் சண்டை போட்டேன், வேலையை விட்டேன் என்று வரிசையாகச் சொன்னேன். என்னோடு சேர்ந்து அந்த மேடத்தைத் திட்டுவார் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. அவர் வெற்றிலையை எண்ணி அடுக்குவதை நிறுத்தவில்லை.

"எனக்கு அந்த மேடத்தையெல்லாம் தெரியாது சாமி" என்றார். "எனக்கு உன்னையத்தான் தெரியும்."

குழந்தை நாரைக் கீழே போட்டுவிட்டு என்னையே பார்த்தது. மற்றவள் எங்கே என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. அவரே பேசினார்.

"அந்தப் பொட்டி இன்னும் வெச்சிருக்கியா?"

"இல்லீங்க அக்கா. குடுத்துட்டேன்."

"ஆராச்சும் வெச்சிருப்பாங்கல்ல, அவிங்ககிட்டச் சொல்லு. என்ற ஊட்டுக்காரருக்குத் தெரியுமான்னு கேட்டியே, தெரியாதுன்னு போட்டுக்கிட்டியே. அதைத் தெரியும்னு மாத்திக்கச் சொல்லு." ஒரு கட்டை இறுக்கி முடிந்து கீழே வைத்தார். "ரெண்டு பொண்ணுங்களும் என்கூடத்தான் இருக்காங்களான்னும் கேட்ட. நான்கூடச் சிரிச்சேன். அதையும் மாத்திக்கச் சொல்லு."